அவனவன் கையெழுத்து வரட்டும்

என் அண்ணனின் பேரன்கள் இருவரும் இந்த ஆண்டு மூன்று மாத இடைவெளியில் படையில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் காலாட்படைக்கும் மற்றவன் பீரங்கிப் படைக்கும் அக்னிவீரர்களாகப் போயிருக்கிறார்கள். ஊரே வாழ்த்தியது, நானும் வாழ்த்தினேன். ஆனால் இளையவனை வழியனுப்பிவிட்டுக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து திரும்பும்போது, 1971இல் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூவரும் ஒரே போரில் இருந்த நாளில் எங்களுக்கு யாரும் சொல்லித் தராத சில விஷயங்களை இவர்களுக்கும் யாரும் சொல்லித் தரப்போவதில்லை என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பயிற்சி மையத்தில் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டச் சொல்லித் தருவார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தால் வீட்டுக்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும், எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாங்கள் அதைக் காலையும் காலத்தையும் கொடுத்துக் கற்றுக்கொண்டோம். காகிதப்படி எனக்கு இப்போது 80 வயது. நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1962இல் சீனாவுடன் நடந்த போருக்குப் பிறகு படையை விரிவாக்கினார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆள் போனார்கள். அண்ணன் 1963இல் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி பெற்றார். நான் 1966இல் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்தேன். அங்கே சேப்பர் ஒவ்வொருவனையும் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். வடக்கத்தி அதிகாரிகூட அந்த ஒரு தமிழ்ச் சொல்லை வாய் நிறையச் சொல்லுவார். வீட்டில் நடுப்பிள்ளையான நான் படையிலும் தம்பியாகவே ஆனேன். கடைசித் தம்பி 1970இல் ராணுவ விநியோகப் படையில் லாரி ஓட்டுநராகப் போனான். அவனையும் தன் பட்டாலியனுக்கே இழுத்துக்கொள்ள அண்ணன் ஆசைப்பட்டார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரே குழியில மூணு கன்னு நடாதே” என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதை இவர் ஏன் தடுக்கிறார் என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. படிக்காத மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் புரிந்தது.

சேர்ந்தபோதே நடந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் விலையைச் செலுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. நான் பிறந்தது 1947. பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று தலைமையாசிரியர் 1945 டிசம்பர் 10 என்று எழுதிக்கொண்டார். அண்ணனுக்குப் பள்ளிச் சான்றே கிடையாது. அவர் ஆளெடுப்பின்போது தோராயமாகச் சொன்ன வயதைக் கொண்டு 1945 ஜூலை 1 என்று எழுதினார்கள். ஆக, அரசாங்கத்தின் கணக்கில் என் தாய் ஐந்து மாதம் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு பிள்ளைகளைப் பெற்றிருக்கிறாள். அப்பாவின் பெயரில் வரும் ‘சாமி’யை எனக்குச் ‘சாமி’ என்றும், அண்ணனுக்கு ‘ஸ்வாமி’ என்றும் ஆங்கிலத்தில் எழுதினார்கள். தம்பிக்கு அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பெயரில் அதே மாவட்டத்தில் இன்னோர் ஊரும் இருந்தது. வட்டத்தின் பெயரையும் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. விடுப்பில் வரும்போது மூவரும் சிரித்துக்கொள்ள நல்ல வேடிக்கையாக இருந்தது.

1971 அக்டோபரில் எங்கள் பிரிவை ஜம்முவுக்குத் தெற்கே சாம்பா பகுதிக்கு நகர்த்தினார்கள். அண்ணனின் பட்டாலியனும் அதே பகுதியில்தான் எங்கோ இருக்கிறது என்பது நவம்பர் கடைசியில் தண்ணீர் எடுக்கும் இடத்தில் அவரை நேருக்கு நேர் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. இருபது நிமிடம் கிடைத்தது. அவர் எப்போதும் போலப் பேச்சுக்கு முன் என் பூட்ஸ் கயிற்றைத்தான் பார்த்தார். தம்பி கிழக்கே வங்காள எல்லையில் இருப்பதாகச் சொன்னார். பிறகு அரைப் பாக்கெட் சார்மினார் சிகரெட்டை என் பையில் திணித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்: “வீட்டுக்கு எழுதும்போது நீ என்னைப் பத்தி எழுதாதே, நான் உன்னைப் பத்தி எழுத மாட்டேன். அவனவன் கையெழுத்து வந்தா அவனவன் இருக்கான்னு அர்த்தம்.” அவர் தன் கடிதங்களின் மூலையில் வரிசை எண்ணும் போடுவார். 11க்குப் பிறகு 13 வந்தால் இடையில் ஒன்று தொலைந்திருக்கிறது என்று வீட்டில் தெரிந்துகொள்வார்கள். கடிதமே வரவில்லை என்று பதற வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்பு படித்தவரின் ஏற்பாடு அது. அதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதை மீறியதுதான் நான் செய்த முதல் பிழை.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட், அமிர்தசரஸ் போன்ற விமானத் தளங்களைத் தாக்கின, போர் தொடங்கியது. 5ஆம் தேதி இரவு எங்கள் படை எல்லையைத் தாண்டிச் ஷகர்கர் பகுதிக்குள் நுழைந்தது. போரைப் பற்றிப் பேசுபவர்கள் டாங்கிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்த டாங்கிக்கு முன்னால் மண்டியிட்டுப் போகிறவன் சேப்பர். கூர்நுனி கொண்ட ஓர் இரும்புக் கம்பி எங்கள் கையில் இருக்கும், பிராடர் என்போம். அதைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, சாய்வாக, மெதுவாக, ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளிக் குத்திக்கொண்டே போக வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் கண்ணிவெடியின் தலையில் பட்டுவிடும்; சாய்த்துக் குத்தினால் அதன் பக்கவாட்டில் தட்டும். கல்லில் தட்டினால் ஒரு ஓசை, வேரில் தட்டினால் ஒரு ஓசை, வெடியில் தட்டினால் ஓசையே வராமல் கைக்கு மட்டும் ஒரு தடை தெரியும். டிசம்பர் பனியில் விரல் மரத்துப்போய், அந்தத் தடை வெடியா என் விரலின் மரமரப்பா என்று புரியாமல் நின்ற நிமிடங்கள் உண்டு. டாங்கிக்கான வெடி சாதாரணமாக மனிதன் மிதித்தால் வெடிக்காது; அதற்கு அவ்வளவு எடை வேண்டும். அதைச் சுற்றிப் புதைத்திருக்கும் சிறிய ஆள்கொல்லி வெடிக்கு ஒரு குழந்தையின் காலடி போதும்.

டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றங்கரை. ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை, கரையெல்லாம் சேறு. அதற்கு அந்தப் பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல் அகலமான கண்ணிவெடி வயல். முன்னே, வெடிகளை அழுத்தி வெடிக்கவைக்கும் டிரால் உருளைகள் பூட்டிய டாங்கிகள், பின்னே நாங்கள். வெடி நீக்கிய பாதையின் இரு ஓரங்களிலும் வெள்ளை நாடா கட்டி, பகைவன் பக்கம் தெரியாதபடி மறைத்த சிறு விளக்குகளை வைத்துக்கொண்டே போனோம். ஜர்பால், சராஜ் சக் ஊர்களைப் பிடிக்கப் போன காலாட்படை அந்த இரவில்தான் ஆற்றைக் கடந்தது. மதராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன் ஒன்றும் அதில் இருந்தது. இருட்டில் வரிசையாகப் போகிறவர்களில் யாரோ ஒருவன் தமிழில் “நாடாவ விட்டு வெலகாதீங்கடா” என்று முணுமுணுத்தான். எந்தக் கம்பெனி என்று கேட்டேன். பதில் வரவில்லை, அந்த நேரத்தில் பதில் சொல்லவும் கூடாது. பாதை முழுதாகத் தயாராகும் முன்பே டாங்கிகளை அனுப்ப வேண்டிய நிலை வந்தது. மறுநாள் எதிர்த்தாக்குதல்களில்தான் 21 வயது அதிகாரி அருண் கேத்ரபால் தன் டாங்கியிலேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்கரம் பெற்றார். வெடி வயலில் எங்களோடு நின்ற பொறியாளர் படை மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அந்தப் போரில் மறைந்தார். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. அந்த இரண்டு நாளில் எனக்குள் இருந்தது வீரம் என்று சொன்னால் பொய். குண்டு விழும் ஒவ்வொரு முறையும் ஆற்றின் அந்தப் பக்கம் விழுந்ததா என்றுதான் காது கேட்டது. பக்கத்தில் இருந்தவனுக்கு அவன் உயிர் ஒன்றைப் பற்றித்தான் பயம். எனக்கு மூன்று உயிரைப் பற்றிப் பயம். அண்ணன் தம்பி கூட இருந்தால் தைரியம் வரும் என்று ஊரில் சொல்லுவார்கள். சமாதான காலத்தில் அது உண்மை.

17ஆம் தேதி இரவு 8 மணிக்குப் போர் நிறுத்தம். முந்தின நாளே டாக்காவில் சரண் நடந்துவிட்டது. 20ஆம் தேதி, அண்ணனின் பட்டாலியனிலிருந்து வந்த ஓர் ஓட்டுநர் “உங்க அண்ணன் நல்லாத்தான் இருக்காரு” என்றார். அந்த மகிழ்ச்சியில் நான் வீட்டுக்கு எழுதினேன்: “போர் முடிந்துவிட்டது. மூவரும் நலம். இனிக் கவலை வேண்டாம்.” அண்ணனை நான் கண்ணால் பார்க்கவில்லை. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் எனக்கு வந்திருக்கவில்லை. கிழக்கே ஜெசூர் நகரம் வீழ்ந்தது என்று வானொலியில் கேட்டதோடு சரி. ஆனாலும் ‘மூவரும்’ என்று எழுதினேன். அந்தக் கடிதம் டிசம்பர் 31 அன்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவரை ராத்திரிச் சோற்றை விட்டிருந்த அம்மா அன்றைக்குச் சாப்பிட்டாளாம். தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினால் படையில் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கம் அந்த மாதம் ஊரில் இருந்தது. எங்கள் வீட்டுக் கதவு மட்டும் பொங்கல் வரை திறந்தே கிடந்தது.

1972 ஜனவரி 9 அன்று, பிடித்த நிலத்தில் இருந்த தன் காவல் நிலைக்கு அண்ணன் தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போர் நின்று மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லோரும் கொஞ்சம் தளர்ந்திருந்தார்கள். சுற்றுவழியை விட்டு வரப்பின் மேல் குறுக்கே நடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. பதான்கோட் ராணுவ மருத்துவமனைக்கும் பிறகு பூனாவுக்கும் கொண்டுபோனார்கள். வீட்டுக்குப் புறப்பட்ட தந்தி எங்கள் ஊர்ப் பெயர் கொண்ட மற்றோர் ஊருக்குப் போய், அங்கே அப்பா பெயரில் யாரும் இல்லை என்று திரும்பி, ஜனவரி 20 அன்றுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைக் கேட்டு அப்பா அழவில்லை. என் கடிதத்தை எடுத்துக்கொண்டு தந்தி அலுவலகத்துக்குப் போய், “சண்டை முடிஞ்சிடுச்சு, மூணு பேரும் நல்லாருக்காங்கன்னு என் புள்ள கைப்பட எழுதியிருக்கான், இது வேற யாருக்கோ வந்த தந்தி” என்று வாதாடியிருக்கிறார். பெயரில் ‘ஸ்வாமி’ என்று இருந்ததும் அவருக்குச் சாதகமாகப் போயிற்று. அதனால் இன்னும் நான்கு நாள் வீணாயின. பிறகு அண்ணியின் சங்கிலியை 300 ரூபாய்க்கு அடகு வைத்து, அரக்கோணத்தில் வண்டி மாறி, அப்பாவும் அண்ணியும் பூனா போய்ச் சேர்ந்தார்கள்.

எனக்கு எப்போது தெரிந்தது என்பதைச் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கும். விபத்து நடந்த இடம் என் கூடாரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் இருந்தால் அதிகம். அப்பா எனக்கு எழுதிய கடிதம், பிரிவு இடம் மாறியதில் தொலைந்தது. தம்பிக்கு எழுதியது போய்ச் சேர்ந்தது. அவன் கிழக்கே வங்காளத்திலிருந்து 99 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சலகம் வழியாக எனக்கு எழுத, அது 56 ஏபிஓவுக்கு வந்து என் கையில் கிடைத்தபோது பிப்ரவரி 22. எட்டுக் கிலோமீட்டர் தூரத்துச் செய்தி வட ஆற்காடு போய், வங்காளம் போய், நாற்பத்து நான்கு நாள் கழித்து என்னிடம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் நான் அதே பகுதியில் வெடி நீக்கிக்கொண்டிருந்தேன். அந்த வரப்பு எங்கள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்ட வயலைச் சேர்ந்ததா என்று பல ஆண்டுகள் என்னை நானே கேட்டுக்கொண்டேன். வரைபடத்தில் தேடிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அண்ணனும் கேட்டதில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே உடன்பிறந்தவர்கள் களத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மற்றவனைப் பற்றிய நல்ல செய்தியை நீ கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பாதே. கைபேசி வந்த காலத்தில் இந்தத் தவறு எளிதாகிவிட்டது; வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை ஒரு நொடியில் வீட்டுக்குத் தள்ளிவிடலாம். உன்னைப் பற்றி நீ சொல், அதிலும் எங்கே இருக்கிறாய் என்பதைச் சொல்லாதே. வீட்டில் எல்லாச் செய்தியும் வந்து சேர ஒருவரை முடிவு செய்துகொள்ளுங்கள்; அம்மாவாக இருக்க வேண்டாம், பதறாமல் பேசக்கூடிய அத்தையோ மாமாவோ இருக்கட்டும். அண்ணனின் படை எண், பிரிவு, தபால் முகவரி தம்பியிடமும், தம்பியுடையது அண்ணனிடமும் எழுத்தில் இருக்க வேண்டும். என்னிடம் அண்ணனின் படை எண் இருந்திருந்தால் எங்கள் சுபேதார் அன்றைக்கே விசாரித்துச் சொல்லியிருப்பார்.

இனி காகிதக் கதை. அண்ணனை 1973இல் உடல் தகுதி இல்லை என்று விடுவித்தார்கள். ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைத்தது. 1971 போரில் காயமுற்றவர்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அதைவிட, அண்ணனின் காயத்தைப் படையின் ஏட்டில் எந்த வகையில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதே தெரியவில்லை. படையில் காயம் இரண்டு வகை. ஒன்று ‘பேட்டில் கேஷுவல்டி’, போர்க் காயம். மற்றது ‘பிசிகல் கேஷுவல்டி’, சாதாரணக் காயம். போர்ப் பகுதியில் பகைவன் புதைத்த வெடியில் சிக்குவது போர் நின்ற பிறகு நடந்தாலும் முதல் வகைதான். அண்ணனின் அறிக்கையில் யாரோ ஒரு எழுத்தர் ‘தண்ணீர் எடுக்கச் சென்றபோது நேர்ந்த விபத்து’ என்று எழுதி இரண்டாவது வகையில் சேர்த்துவிட்டார். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. போர் முடிந்துவிட்டது என்று எல்லோரையும் போல அவரும் நினைத்திருப்பார். அந்த ஒரு வரியால் முப்பத்தாறு ஆண்டுகள் அண்ணன் தனக்குச் சேர வேண்டியதைவிடக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு, அரிசி ஆலையில் காவல் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். 2009இல் முன்னாள் படைவீரர் கூட்டம் ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பிபிஓவை, அதாவது ஓய்வூதிய ஆணையைக் காட்டியபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். “கால் போனவனுக்குக் காகிதம் எதுக்குடா” என்றார். நான் விடவில்லை. நான் எழுதிய அந்தப் பழைய கடிதத்துக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்ததை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு தரகரிடம் 8,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். எல்லா இடத்திலும் தனக்கு ஆள் இருப்பதாகச் சொன்னார். ஆறு மாதம் கழித்து எண்ணை மாற்றிக்கொண்டார். பிறகு உரிய அலுவலகத்துக்கு எழுதிய மனுவுக்குப் பதினான்கு மாதம் கழித்து, பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அங்கேயே நின்றிருப்பேன். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இருந்த ஒரு பெரியவர்தான், அழிந்தது ஒரு கோப்பு, ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு மருத்துவக் குழுவின் நகல் வேறோர் இடத்தில் இருக்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள் என்றார். கேட்டேன். ஐந்து வாரத்தில் மருத்துவக் குழு அறிக்கையின் நகல் வந்தது. அதில் காயத்தின் காரணம் என்ற கட்டத்தில் ‘கண்ணிவெடி’ என்றும், இடம் என்ற கட்டத்தில் ஷகர்கர் பகுதி என்றும் தெளிவாக இருந்தது. எட்டாயிரம் ரூபாய் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. மனுவில் ‘என் கோப்பைத் தாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தந்தார். அண்ணனின் அன்றைய கம்பெனி அதிகாரியை ரெஜிமென்ட் சங்கத்தின் மூலம் தேடிக் கண்டுபிடித்தோம். எண்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர் நடுங்கும் கையால் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார்; தண்ணீர் கேனின் எண்ணிக்கைகூட அவருக்கு நினைவிருந்தது.

2011இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு போட்டோம். சாட்சியாக நானும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தேன். அங்கேதான் எங்கள் பழைய வேடிக்கை முன்னே வந்து நின்றது. ஒரு எழுத்தர் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே அம்மாவுக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிராம நிர்வாக அலுவலர் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்க்க மட்டும் ஏழு மாதம் ஆயிற்று. 2013இல் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஆனால் நிலுவைத் தொகை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. 2008இல் உச்ச நீதிமன்றம் ஓய்வூதிய வழக்குகளில் அப்படி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தாமதித்தவனுக்கு உரிமை கிடைக்கும், கடந்துபோன காலத்துக்கான பணம் முழுவதும் கிடைக்காது. நான்கு ஆண்டுகளில் தரகர், வக்கீல், சென்னைப் பயணம், நகல், நோட்டரி எல்லாம் சேர்த்து 61,400 ரூபாய் செலவாகியிருந்தது. கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. அந்தப் பணம் திரும்பி வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் வரவில்லை.

காயம் பட்டவன் மருத்துவமனையில் இருக்கும்போதே அவனோடு இருப்பவர் கேட்க வேண்டியவை மூன்றே: காயத்தை எந்த வகையில் எழுதியிருக்கிறார்கள், போர் நடவடிக்கையின் பெயரும் இடமும் அறிக்கையில் இருக்கின்றனவா, அதன் நகல் எப்போது கிடைக்கும். உடன் இருந்த இருவரின் படை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் அந்தப் பிரிவில் இருக்கும்போதே திருத்துவது ஒரு மாத வேலை; வெளியே வந்தபின் பல ஆண்டு வேலை. அந்த நிலையில் காயம் பட்டவன் எதையும் கேட்க மாட்டான். அண்ணன் அன்றைக்குக் கேட்டது அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்களா என்பதை மட்டும்தான்.

அண்ணன் 2016இல் காலமானார். அண்ணியின் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை இப்போது பலரும் அறிந்திருக்கிறார்கள். 1969இல் திருமணம் ஆனபோது அண்ணன், அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயரைப் பிரிவில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வேறு பெயர். பார்ட் டூ ஆர்டர் என்று படையில் சொல்லுவார்கள். திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் அதில் பதிவானால்தான் படைக்கு அது நடந்ததாகப் பொருள். அதில் உள்ள பெயரும் பிபிஓவில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். திருத்திய பிபிஓ வர ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை அண்ணி என் ஓய்வூதியத்திலிருந்து பணம் வாங்கக் கூசி, ஒவ்வொரு மாதமும் அதை ஒரு நோட்டில் கடனாக எழுதி வைத்துக்கொண்டார். கணவர் உயிரோடு இருக்கும்போதே இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, இருவரும் சேர்ந்த புகைப்படம், பிறந்த தேதிச் சான்று என எல்லாவற்றையும் சரிபார்த்து, இப்போது வந்திருக்கும் ஸ்பர்ஷ் என்ற படை ஓய்வூதிய இணையப் பதிவில் மனைவியின் விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைச் சாவுப் பேச்சு என்று தள்ளிப் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அண்ணனும் அப்படித்தான் தள்ளிப் போட்டார்.

பேரன்கள் புறப்படும் முன் இருவரையும் உட்கார வைத்து, பள்ளிச் சான்று, ஆதார், படையில் கொடுத்த விண்ணப்பம் மூன்றையும் வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். தகப்பன் பெயரில் ஒருவனுக்கு ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பயிற்சி முடிவதற்குள் திருத்தக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். முகவரியில் வட்டத்தையும் அஞ்சல் குறியீட்டையும் சேர்க்க வைத்தேன். காப்பீட்டு நியமனத்தில் யார் பெயர் என்று கேட்டேன், இருவருக்கும் தெரியவில்லை. அதையும் விசாரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். கடைசியாக அண்ணனின் கடிதங்களை எடுத்துக் காட்டினேன். மூலையில் பென்சிலால் போட்ட எண்கள் மங்கிவிட்டன. 14 பூனாவிலிருந்து வந்தது. படுத்துக்கொண்டே எழுதியதால் வரிகள் மேல்நோக்கிப் போகின்றன. 13 எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஜனவரி 9க்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ எழுதியதாக இருக்க வேண்டும். பெரியவன் அந்த இடைவெளியைக் கவனித்து, “பதிமூணு எங்கே தாத்தா?” என்று கேட்டான்.